சமையலறைக் கரப்பானும் ஊர் வீட்டுக் கறையானும்



மும்பையிலோ, பெங்களூரிலோ, தில்லியிலோ பிழைப்பின் நிமித்தம் குடியேறியிருக்கும் நம்மில் பலருக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று, அன்றாடம் சமைத்து உண்டு உறங்கும் நகரத்து வாடகை வீடு. மற்றொன்று, பெற்றோர் விட்டுச்சென்ற, ஆண்டில் பதினோரு மாதம் பூட்டியே கிடக்கும் ஊர் வீடு. முதல் வீட்டில் நம் கண்முன்னே ஓடித் திரிவது கரப்பான்பூச்சி. இரண்டாவது வீட்டை நமக்குத் தெரியாமலே தின்றுகொண்டிருப்பது கறையான். இரண்டையும் ‘பூச்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, ஒரே மருந்தை இரண்டுக்கும் அடித்து, பணத்தையும் பிள்ளைகளின் ஆரோக்கியத்தையும் இழக்கிறவர்கள் அநேகர். ஆகவே இம்மாதம் இவ்விரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

உலகில் கரப்பான் இனங்கள் 4,600க்கும் மேல் உள்ளன. அவற்றில் மனிதர் வீடுகளில் தொல்லை கொடுப்பவை ஏறக்குறைய 30 மட்டுமே. மற்றவை காட்டில் உதிர்ந்த இலைகளுக்கு அடியில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கறையான் இனங்கள் உலகில் சுமார் 3,000. இந்தியாவில் ஏறத்தாழ 300. இத்தனையையும் ஒரு கட்டுரையில் பேச இயலாது. ஆகையால் ஒவ்வொன்றிலும் நமக்கு நெருக்கமான ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம். கரப்பானில், அடுக்களையில் வாழும் சிறிய இளம்பழுப்பு நிறக் கரப்பான். தலைக்குப் பின்னால் முதுகில் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளராது. குளியலறைச் சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு இனம்; அதை இங்கே விட்டுவிடுவோம். கறையானில், தென்னிந்திய மண்ணில் கோபுரம்போல் புற்றெழுப்பும் ‘ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ்’ என்ற இனம். நம் ஊர் வயல் வரப்பிலும் பனந்தோப்பிலும் நாம் பார்த்து வளர்ந்த புற்றுகளில் பல இதனுடையவை.

முதலில் அடுக்களைக் கரப்பான். இதன் அறிவியற்பெயர் ‘பிளாட்டெல்லா ஜெர்மானிக்கா’. அதாவது ஜெர்மானியக் கரப்பான். லின்னேயஸ் 1767இல் இப்பெயரைச் சூட்டினார். ஆனால் ஜெர்மனி இதன் தாயகம் அன்று. ஐரோப்பாவில் இதை யாருமே தம்முடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. ரஷ்யர்கள் இதைப் ‘பிரஷ்யன்’ என்றார்கள். ஜெர்மானியர் சிலர் ‘ரஷ்யன்’ என்றார்கள். வேண்டாத விருந்தாளிக்கு அண்டைவீட்டுக்காரன் பெயரை வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான் போலும்!

இதன் பூர்வீகம் 2024இல்தான் தெளிவாயிற்று. 17 நாடுகளிலிருந்து சேகரித்த 281 கரப்பான்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இவ்வினம் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ‘ஆசியக் கரப்பான்’ என்னும் வயல்வெளி இனத்திலிருந்து பிரிந்தது என்று கண்டறிந்தார்கள். வெளியில், விளக்கை நோக்கிப் பறந்து, வயலில் வாழ்ந்த ஒரு பூச்சி, மனிதன் தானியம் சேமித்த இடத்தை நாடிவந்து அங்கேயே தங்கிவிட்டது. அங்கிருந்து சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கே அரபு நாடுகளுக்கும், சுமார் 390 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வணிகக் கப்பல்களின் காலத்தில் கிழக்கே தென்கிழக்காசியத் தீவுகளுக்கும் சென்றது. பின்பு ஐரோப்பாவிலிருந்து உலகெங்கும் பரவியது. இன்று இதற்கு வயல் இல்லை, காடு இல்லை. மனிதன் கட்டிய வீட்டை விட்டால் இதற்கு உலகில் வேறு இருப்பிடமே கிடையாது. சிறகு இருந்தும் பறக்காது. கிராமத்தை விட்டு வந்தது திரும்பிப் போக வழி தெரியாமல் நகரத்திலேயே நிலைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இதன் குடும்ப வாழ்க்கை எளிமையானது. தாய் 30 முதல் 40 முட்டைகளை ஒரு சிறு பைபோன்ற கூட்டில் அடுக்கி, தன் வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரியும். மற்றக் கரப்பான்கள் பலவும் கூட்டை எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும், இது அப்படியன்று. குஞ்சுகள் வெளிவரும் வேளை நெருங்கிய பின்னரே கீழே விடும். அந்தவரைக்கும்தான் தாய்மை. பிறந்த அன்றே குஞ்சுகள் தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான அடுக்களையில் இரண்டு மூன்று மாதங்களில் அவை பருவம் எய்தி முட்டையிடத் தொடங்கும். ஒரு பெண் கரப்பான் தன் வாழ்நாளில் நான்கைந்து முறையாவது இவ்விதம் ஈனும். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தால் ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனாலும் கரப்பான் முற்றிலும் தனிமை விரும்பி அன்று. ஒன்றின் கழிவில் உள்ள வாசனை மற்றொன்றை அழைக்கும். பகல் முழுவதும் ஒரே இடுக்கில் நெருக்கமாய்ப் பதுங்கிக் கிடக்கும். தனியே வளர்க்கப்பட்ட குஞ்சு கூட்டத்தோடு வளர்வதைவிட மெதுவாகவே வளரும். சிறு குஞ்சுகள் இடுக்கை விட்டு அதிகம் வெளியே வராமல், பெரியவற்றின் கழிவைத் தின்றே வளரும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் இந்தச் செய்தியை மனத்தில் வையுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது இது உதவும். எனினும் அங்கே அரசன் இல்லை, வேலைக்காரன் இல்லை, காவலாளி இல்லை. ஒரே ஓட்டலில் ஒரே மேசையில் அமர்ந்து உண்டாலும் ஒருவருக்கொருவர் பேசாத மனிதர்களைப்போல அவை சேர்ந்திருக்கின்றன.

இப்பொழுது கறையானுக்கு வருவோம்.

மழைக்காலத்தின் முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த வேளையில் மண்ணிலிருந்து ஈசல் புறப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈசல் என்பது தனி உயிரினம் அன்று. சிறகு முளைத்த கறையான்தான். சிறிது தூரம் பறந்து தரையிறங்கியதும் சிறகுகளைத் தாமே உதிர்த்துவிடும். ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் இணைந்து, ஒன்றன்பின் ஒன்றாய் நடந்து, ஈரமண்ணில் குழி தோண்டி உள்ளே போய் வாயிலை அடைத்துக்கொள்ளும். பறவையும் பல்லியும் தவளையும் மனிதரும் தின்றதுபோக மிஞ்சுவது சொற்பமே. அந்தச் சொற்பத்தில் ஒரு ஜோடி நிலைத்துவிட்டால், அதுவே ஒரு புற்றின் ராஜாவும் ராணியும். முதல் பிள்ளைகளை இவ்விருவருமே ஊட்டி வளர்ப்பார்கள். அப்பிள்ளைகள் வளர்ந்ததும் தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். அதன்பின் ராணிக்கு முட்டையிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. வயிறு விரல்போல் ஊதிப் பெருத்து, அசையமுடியாமல், மண்ணால் கட்டிய அறையில் கிடந்து நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டைகள் இடும். பத்தாண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடும்.

ஆங்கிலேயர் இவற்றை ‘வெள்ளை எறும்பு’ என்று அழைத்தார்கள். அது தவறான பெயர். எறும்புக்கும் தேனீக்கும் ஆண் என்பது ஒருநாள் மாப்பிள்ளை, இணைசேர்ந்ததும் இறந்துபோகும். கறையான் ராஜாவோ ராணியின் அருகிலேயே கடைசிவரை இருக்கிறது. எறும்புகளில் வேலை செய்பவை யாவும் பெண்கள். கறையானில் ஆணும் பெண்ணும் வேலைக்காரர்களாக உண்டு. எறும்புக் குஞ்சு புழுவாய்ப் பிறந்து, கூட்டுப்புழுவாய் உறங்கி, பின்பே எறும்பாகும். கறையான் குஞ்சோ கரப்பான் குஞ்சைப்போலவே பிறக்கும்போதே ஆறு காலோடு, சிறிய உருவத்தில், பெரியவற்றின் சாயலில் பிறக்கிறது. தோலை உரித்து உரித்து வளர்கிறது. இந்த ஒற்றுமையை இன்னும் சற்று தொடர்ந்து பார்ப்போம்.

அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் கிளீவ்லாந்து 1934இல் தம் குழுவினருடன் ஒரு விந்தையான கரப்பானைக் குறித்து எழுதினார். ‘கிரிப்டோசெர்கஸ்’ என்ற அந்தக் கரப்பான் மலைக்காடுகளில் உளுத்த மரக்கட்டைக்குள் தாய், தகப்பன், பிள்ளைகள் என்று குடும்பமாய் வாழ்கிறது. மரத்தைத் தின்கிறது. மரத்தை முழுவதும் தானே செரிக்கும் ஆற்றல் பூச்சிக்கு இல்லை. அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களே அதைச் செரித்துக் கொடுக்கின்றன. கறையான்களின் குடலில் காணப்படும் நுண்ணுயிர்களுக்கு நெருங்கிய உறவானவை அந்தக் கரப்பானின் குடலிலும் இருந்தன! பிறக்கும் பிள்ளைக்கு அந்த நுண்ணுயிர் இருக்காது; பெற்றோரின் குடலிலிருந்து வரும் திரவத்தை உண்டுதான் அது தன் பங்கைப் பெறவேண்டும். கறையானுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் குடலின் உட்தோலும் கழன்றுவிடுவதால், உள்ளிருந்த நுண்ணுயிர்கள் போய்விடும். கூடப்பிறந்தவர்கள் மீண்டும் ஊட்டினால்தான் பிழைக்கும். தனித்துப் போனால் வயிறு நிறையத் தின்றும் பட்டினிதான். மற்றவர் கையை எதிர்பார்க்கும் இந்த வயிற்றிலிருந்துதான் கறையானின் கூட்டு வாழ்க்கை தோன்றியிருக்க வேண்டும் என்று கிளீவ்லாந்தும் அவருக்குப் பின் வந்தவர்களும் கருதினார்கள். எனக்கும் அதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் வாழும் ‘மாஸ்டோடெர்மஸ்’ என்ற கறையான் இன்றும் கரப்பானைப்போலவே முட்டைகளை அடுக்காக ஒட்டியிடுகிறது. கரப்பான்களின் உடற்கொழுப்பில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா, கறையான்களுக்குள் இந்த ஒன்றில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இறுதியாக 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளின் உறவை மரபணு வழியே ஆராய்ந்து, கறையான்களுக்கென்று பாடநூல்களில் இருந்த தனி வரிசையே தேவையில்லை, அவை கூட்டுவாழ்க்கைக்கு மாறிய கரப்பான்களே என்று அறிவித்தார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே பிரிந்துவிட்ட பங்காளிகள் இவர்கள். 2018இல் அடுக்களைக் கரப்பானின் முழு மரபணுத் தொகுதியும் ஓர் உலர்மரக் கறையானின் தொகுதியும் ஒன்றாக வெளியிடப்பட்டன. கரப்பானுடையது சுமார் 200 கோடி எழுத்துகள். கறையானுடையது சுமார் 130 கோடி. மனிதனுடையது ஏறத்தாழ 300 கோடி என்பதை நினைத்தால் கரப்பானை அற்பமாக எண்ண முடியாது. கண்டதையெல்லாம் முகர்ந்து சுவைத்து, இது உணவா நஞ்சா என்று தானே தீர்மானிக்கவேண்டிய பிராணிக்குச் சுவையும் மணமும் அறியும் மரபணுக்கள் பல நூறு தேவைப்பட்டிருக்கின்றன.

நம் புற்றுக் கறையான் இந்தக் குடும்பத்தில் இன்னும் ஒரு படி முன்னே போய்விட்டது. மரம் செரிக்கும் அந்தக் குடல் நுண்ணுயிர்களையே அது இழந்துவிட்டது. பதிலாக விவசாயம் செய்கிறது! வேலைக்காரக் கறையான்கள் கொண்டுவரும் சருகும் கட்டையும் குடல்வழியே விரைந்து வெளிவந்து, புற்றுக்குள் தேனடைபோன்ற ஒரு படுகையாகக் கட்டப்படும். அதில் ‘டெர்மிடோமைசஸ்’ என்னும் காளான் வளரும். காளான் மரத்தைப் பதப்படுத்தித் தர, கறையான்கள் அந்தக் காளானையும் பழகிய படுகையையும் உண்ணும். மழைக்காலத்தில் புற்றடியில் முளைக்கும், நம் பாட்டிமார் விடிகாலையில் பறித்துவந்து குழம்பு வைத்த புற்றுக்காளான் இதுதான். கடையில் விற்கும் மொட்டுக்காளானைப் போல மனிதன் இதைப் பண்ணையில் வளர்த்து விற்பது எளிதாகக் கைகூடவில்லை. கறையானுக்குக் கைகூடியிருக்கிறது.

அந்தக் காளான் தோட்டமும் இலட்சக்கணக்கான கறையான்களும் மூச்சுவிட வேண்டுமே! 2015இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மைய வளாகத்தில் இருந்த இதே இனத்தின் புற்றுகளை ஆராய்ந்தவர்கள் அதன் இரகசியத்தைக் கண்டார்கள். புற்றின் வெளிப்புறம் வரிவரியாய்ப் புடைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பகலில் வெயில்பட்டு அந்த மெல்லிய புறவரிகள் விரைவில் சூடாகும். நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். ஆகவே காற்று வரிகளின் வழியே மேலேறி நடுவில் கீழிறங்கும். இரவில் புறம் குளிர்ந்துவிட, ஓட்டம் அப்படியே திரும்பிவிடும். நாளுக்கொருமுறை உள்ளிழுத்து வெளிவிடும் நுரையீரல்போல் புற்று வேலை செய்கிறது. மின்விசிறி இல்லை, திட்டம் வரைந்த பொறியாளர் எவரும் உள்ளே இல்லை. கட்டியவை யாவும் கண் தெரியாத, அரை சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சிகள்.

இனி நம் வீட்டுக் காரியம்.

கரப்பானால் வரும் முதற்கேடு அருவருப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். அது பெரிய கேடன்று. அதன் எச்சில், கழிவு, உதிர்ந்த தோல் ஆகியவை தூசியோடு கலந்து, சிறுவர்களுக்கு இளைப்பு நோயைத் தூண்டுகின்றன. அமெரிக்க நகரங்களின் நெருக்கடியான எட்டுப் பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 சிறுவர்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் கரப்பான் கழிவும் மிகுதியாக இருந்த பிள்ளைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரவில் இளைக்கும் பிள்ளைக்குக் குளிர்ந்த நீரையும் வாழைப்பழத்தையும் நிறுத்துகிறோம். எரிவாயு அடுப்பின் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 2017இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 102 பிள்ளைகளின் வீடுகளில் நடந்த ஆய்வில், வேறு எந்த மாற்றமும் செய்யாமல், கரப்பானுக்கு இரைமருந்து மட்டும் வைத்த வீடுகளில் பிள்ளைகளின் இளைப்புத் தொல்லை குறைந்தது. தெளிப்பு மருந்து அன்று, இரைமருந்து. ஊசிக்குழாயில் வரும் அந்தப் பசையைக் கடுகளவு, மிளகளவாய் அலமாரிக் கீல், குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், தொட்டியின் அடிப்பகுதி, அடுப்பு மேடையின் இடுக்கு ஆகிய இடங்களில் வைக்கவேண்டும். தின்ற கரப்பான் இடுக்குக்குத் திரும்பிப் போய்க் கழித்துவிட்டுச் சாகும். அந்தக் கழிவைத் தின்னும் குஞ்சும், செத்ததைத் தின்னும் மற்றதும் சாகும். மேலே மனத்தில் வையுங்கள் என்றேனே, அது இதற்காகத்தான். தெளிப்பு மருந்தை அதே இடத்தில் அடித்தால் அந்த வாசனைக்குக் கரப்பான் பசையின் அருகே வராது; காசு வீண். முட்டைப்பையினுள் இருப்பவற்றைப் பசை எட்டாது. ஆகவே ஒரு மாதம் கழித்து மறுமுறை வையுங்கள்.

ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் வைக்கவும் கூடாது. இனிப்புக்காகக் குளுக்கோஸ் கலந்த இரையை உண்ணாத கரப்பான்கள் அமெரிக்காவில் தோன்றிவிட்டதை 1993இலேயே கண்டார்கள். அவற்றின் நாவுக்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்பது 2013இல் நிரூபணமாயிற்று. இனிப்பை விரும்பியவை செத்துப்போக, வெறுத்தவை பெருகின. எனவே பசை பலிக்கவில்லை என்றால் அதிகமாய் வைப்பதில் பயனில்லை. பொட்டலத்தின் மீதுள்ள மருந்தின் பெயரைப் பார்த்து வேறொன்றை வாங்குங்கள். சாக்குக்கட்டி வடிவில் விற்கும் பூச்சிமருந்தைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் தயவுசெய்து வைக்கவேண்டாம். பிள்ளைக்கு அது எழுதும் சாக்குக்கட்டியாகவே தெரியும்.

மருந்தோடு ஈரத்தையும் கவனியுங்கள். உணவின்றி, நீர் மட்டும் கிடைத்தால் பெண் கரப்பான் ஒரு மாதத்துக்கு மேல் உயிர்வாழும். உணவு இருந்து நீர் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாங்குவதே அரிது. இரவில் தொட்டியைத் துடைத்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, ஈரத்துணியைப் பிழிந்து காயவிட்டுப் படுப்பது பாதி மருந்துக்குச் சமம். கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியை வீட்டுக்குள் சேர்த்து வைக்காதீர்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் வந்துசேரும். அடுக்குமாடியில் குழாய் செல்லும் துளைவழியே பக்கத்து வீட்டுக்குப் போய்வரும். ஆகையால் ஒரு தளத்தில் உள்ள நான்கு குடும்பங்கள் ஒரே வாரத்தில் பசை வைத்தால் பலன் அதிகம். மருந்து அடிக்க வருபவரிடம் பேசும்போது, கரப்பானை மும்பையில் ‘ஜுரள்’ என்பார்கள், பெங்களூரில் ‘ஜிரளெ’ என்பார்கள். கறையானுக்கு மராத்தியில் ‘வாளவி’, கன்னடத்தில் ‘கெத்தலு’, இந்தியில் ‘தீமக்’. பெயரை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிவிடும். தமிழிலேயே கரப்பான் என்றால் ஒரு தோல்நோய்க்கும் பெயர் அல்லவா!

கறையானுக்கு இந்த வழிகள் எதுவும் செல்லாது. சுவரில் தெரியும் கறையான் படை வெறும் கூலியாட்கள். நூறைக் கொன்றால் ஆயிரம் வரும். ராணி தரைக்கடியில் இருக்கிறது. அதன் உடல் மெல்லிய தோல் உடையது, காற்றுப்பட்டால் உலர்ந்துவிடும். ஆகவேதான் கரப்பானைப்போல் திறந்தவெளியில் ஓடாமல், மண்ணைக் குழைத்துக் குழாய் கட்டி அதனுள்ளேயே நடக்கிறது. குழாயை உடைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் ஊர்களில் வழக்கம். இரண்டு நாளில் வேறு பக்கம் குழாய் எழும்பும். சரியான வழி, தரையும் சுவரும் சேரும் ஓரமாகத் துளையிட்டு, அடிமண்ணில் மருந்தைச் செலுத்தி, புற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே நஞ்சு வேலி அமைப்பது. இதற்கென்றே இந்தியத் தரநிலை 6313 என்ற விதிமுறை இருக்கிறது. அதன் ஒரு பகுதி புதிதாய்க் கட்டும் வீட்டுக்கு, மற்றொன்று ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு. ஊரில் வீடு கட்ட எண்ணியிருப்பவர்கள் அஸ்திவாரம் தோண்டும்போதே இதைச் செய்யும்படி கொத்தனாரிடம் வற்புறுத்துங்கள். அப்போது ஆகும் செலவு, பிற்பாடு தரையைத் துளைத்துச் செய்வதைவிட மிகக் குறைவு. பழைய ஆல்ட்ரின், குளோர்டேன் போன்றவற்றை யாராவது ‘நல்ல சரக்கு’ என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள், அவை தடைசெய்யப்பட்டவை. கொல்லையில் குடிநீர்க் கிணறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வைரம் பாய்ந்த தேக்கையும் முதிர்ந்த பனங்கையையும் கறையான் எளிதில் தொடாது. மாமரப் பலகை, ஒட்டுப்பலகை, அட்டை, புத்தகம் ஆகியவை அதற்கு விருந்து. பூட்டிய வீட்டில் மரத்தைவிட காகிதம் போவதே பெரிய இழப்பு. தகப்பனார் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், திருமணப் பதிவு, பாட்டி படித்த வேதாகமம் யாவும் பரணில் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். ஆனால் அதற்கு விடுப்பு எடுத்து, இரயிலேறி, நாட்கணக்கில் அலையவேண்டும். பாட்டியின் கையெழுத்துக்கு எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. ஆகவே இந்த முறை ஊருக்குப் போகும்போது காகிதங்களை இரும்புப்பெட்டிக்கு மாற்றி, பெட்டியைச் சுவரை ஒட்டாமல் நான்கு செங்கல்லின்மேல் வையுங்கள். 2015 முதல் அரசு நடத்தும் டிஜிலாக்கரில் ஏற்றக்கூடியவற்றை ஏற்றிவிடுங்கள். மற்றவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துப் பிள்ளைகளிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

சாவி வைத்திருக்கும் சித்தப்பாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை வீட்டைத் திறந்துபார்க்கச் சொல்லுங்கள். சன்னலடியில் ஈசல் சிறகுகள் குவிந்து கிடக்கின்றனவா, நிலைக்கதவை விரல்கணுவால் தட்டினால் உள்ளே வெற்றொலி கேட்கிறதா, சுவரோரம் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். கோடு இருந்தால் உடனே துடைப்பத்தால் தட்டிவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மருந்து போடுகிறவர் வந்து, அது எந்த மூலையிலிருந்து ஏறுகிறது என்று பார்க்கவேண்டியிருக்கும்.